யோர்தான் கரையில் டீக்கன் பர்டெட்

ஜார்ஜியா, 18 மார்ச் 1938

அன்பு மகன் எல்பர்ட்டுக்கு, கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், சிகாகோ குளிரில் உன் நெஞ்சுச்சளி இறங்கியிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். புதன்கிழமை சபைக் கூட்டத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் மாற்றிச் சொல்ல முடியாது: போதகர், சபைக் காரியம் பார்க்கும் டீக்கன்மார் நான்கு பேர், என்னோடு சேர்த்துப் பெண்கள் எட்டுப் பேர், அப்புறம் ஆர்லீனா. ஞானஸ்நானத் தொட்டிக்குப் பின்சுவரில் அவள் தீட்டிய யோர்தான் நதியை வெள்ளையடித்து அழிப்பதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. சலவைக்காரி பெற்ற பெண் அவள், படத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்ட ஓவியப் பள்ளி முகத்தைப் பார்த்ததும் வாசலோடு அனுப்பியது உனக்குத் தெரியும். கப்பலேறிப் போய்ப் பாரிசில் தரை துடைத்துப் படித்துப் பரிசும் வாங்கித் திரும்பி வந்தாள், இந்த ஊரிலிருந்து நம் கருப்பினத்துப் பெண் வேறு யார் அப்படிப் போனாள்? அங்கே பரிசு கொடுத்தவர்கள் கண்ணுக்குத் தப்பிய குற்றம் நம் டீக்கன் பர்டெட் கண்ணில் பட்டுவிட்டது. ஞானஸ்நானம் கொடுக்கிற யோவானும் கருப்பாம், வாங்குகிற இயேசுவும் கருப்பாம். “வெள்ளக்காரன் பாத்தா சிரிப்பான் சிஸ்டர்” என்றார். “சிரிக்கிறவன் நம்ம தொட்டியில முங்கவா வரப்போறான்?” என்றேன் நான்.

உண்மைக் காரணம் வேறு. தன்னைத்தான் யோவானாக வரையப்போகிறாள் என்று எட்டுச் சனிக்கிழமை கருப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு அவள் முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தார் மனுஷன். அவளோ கல்லறையில் குழிவெட்டும் ஓசியாவின் முகத்தை யோவானுக்குக் கொடுத்துவிட்டு, இவரைக் கரையில் மற்றவர்களின் செருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்துவிட்டாள். அவர் கேட்டதற்கு, “தண்ணியப் பாத்தாலே பேண்ட்டத் தூக்கிப் பிடிக்கிறீங்க டீக்கன், அதான் கரையில நிறுத்தினேன்” என்றாள். அவர் மனைவியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், ஆனால் ஓட்டு என்றதும் அவளும் அவள் தங்கையும் டீக்கன்மாரோடு சேர்ந்து கை தூக்கினார்கள். ஆறுக்கு ஆறு. தன் படத்துக்குத் தானே ஓட்டுப் போடமாட்டேன் என்றுவிட்டாள் ஆர்லீனா. முடிவு சொல்ல வேண்டிய போதகர் ஜெபித்துச் சொல்கிறேன் என்றார், பன்னிரண்டு வருஷமாக அவர் ஜெபித்து முடிவு சொன்ன ஒன்றையும் நான் கண்டதில்லை, கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். பர்டெட் சுண்ணாம்பு வாளியைக்கூடத் தொட்டிப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார், அவ்வளவு பக்தி. “அழிச்சா அன்னைக்கே ஊர விட்டுப் போயிடுவேன் சிஸ்டர், மறுபடி வரமாட்டேன்” என்று ஆர்லீனா என்னிடம் மட்டும் சொன்னாள், சொன்னால் செய்கிறவள் அவள்.

ஏப்ரல் ஆறாம் தேதி மறு ஓட்டு. வெளியூரில் இருக்கும் அங்கத்தினர் கையெழுத்திட்ட கடிதம் அனுப்பினால் செல்லும் என்பது சபை விதி. உன் பெயரை இன்னும் சிகாகோ சபைக்கு மாற்றவில்லை என்று ஆறு வருஷமாகத் திட்டினேனே, இனித் திட்டமாட்டேன். உன் இஷ்டப்படி எழுது என்று சொல்லும் பெருந்தன்மை எனக்கு இல்லை. படம் இருக்கட்டும் என்று எழுதி, முழுப்பெயரில் கையெழுத்துப் போடு. கம்பளி போடாமல் வெளியே போகாதே, கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கடிதம் கண்டவுடன் பதில் போடு.

உன் அம்மா
லெவீனியா