வியாழலோகத்து ராஜாவுக்கு வாய் இல்லை

12 ஜனவரி, ஞாயிறு

மன்றத்தின் ஆண்டுக் கூட்டம் எங்கள் வீட்டில். வந்தவர்கள் நான்கு பேர். மன்றத்தில் இருப்பதே நான்கு பேர் என்பதால் "நூறு சதவீத வருகை" என்று செயலாளராகிய நான் எழுதி வைத்தேன்.

"வியாழலோக மகாராஜா" படத்துக்கு ரசிகர் மன்றம் வைத்திருப்பது உலகத்திலேயே எங்கள் ஊர் டுரியான் துங்கால் மட்டும்தான் என்று நினைக்கிறேன். வேறு எங்காவது இருந்தால் அவர்களுக்கு என் அனுதாபம். கறுப்பு வெள்ளைப் படம். வியாழ கிரகத்து ராஜா பூமிக்கு வந்து விஞ்ஞானியின் மகளைத் தூக்கிப் போகிறார். பறக்கும் தட்டு என்பது இரண்டு இட்லிச் சட்டி மூடிகள். தொங்கும் கயிறு பளிச்சென்று தெரியும். ரோபோவின் செருப்புக்கு ஒரு வார் அறுந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, வியாழ கிரகத்தில் ராஜாவுக்குப் பின்னால் ஒரு ஆடு நடந்து போகும். அந்த இடத்தில் நாகமுத்து அண்ணன் படத்தை நிறுத்துவார். ஆட்டுக்குக் கைதட்டாமல் மேலே ஓட்ட மாட்டார்.

அவர் லாரி ஓட்டப் போவதற்கு முன்னால் வீடியோ கடை வைத்திருந்தவர். கடைக்காரன் சரக்கைத் தொடக் கூடாது என்று ஒரு படமும் பார்த்ததில்லை. வெள்ளத்தில் கடை மூழ்கி, தப்பிய கேசட் இது ஒன்றுதான். படம் தப்பியது. இடைவேளைக்குப் பிறகு சத்தம் தப்பவில்லை. அதனால் வருஷா வருஷம் மே முதல் தேதி ஊர்ப் பொதுமண்டபமான பாலாய் ராயாவில் எல்லாரையும் கூட்டிப் படத்தைப் போடுகிறோம். சத்தம் போன இடத்திலிருந்து நாங்களே பேசுகிறோம்.

நான் விஞ்ஞானியின் மகள், வயது பத்தொன்பது. (எனக்கு ஐம்பத்து மூன்று. இருட்டில் தெரியாது.) விஞ்ஞானி நாகமுத்து அண்ணன். ரோபோ என் வீட்டுக்காரர் ஷங்கர். அவர் வசனம் "பீப்". அதையும் மறப்பார். குருபோங் ஃபேக்டரியில் முப்பது வருஷம் மெஷினோடு இருந்தவர், ஒரு மெஷினாக நடிக்க வரவில்லை.

ராஜா, டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் ஹனிபா அண்ணன். சின்னப் பிள்ளையில் தியேட்டரில் பார்த்த ஞாபகத்தில் எங்கள் எல்லாருக்கும் வசனம் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். கூட்டம் வருவது அந்தக் குரலுக்காக. மைக் வேண்டாம். மண்டபத்துத் தகரக் கூரை அதிரும்.

இன்று ஒத்திகையில் அந்தக் குரல் கரகரத்தது. "தீபாவளி சேல்ஸ்ல கத்தினது தங்கச்சி" என்றார். தீபாவளி போய் எத்தனை நாளாகிறது?

26 ஜனவரி, ஞாயிறு

ஹனிபா அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி. நல்ல கட்டி இல்லை.

குரல்வளையையே எடுக்க வேண்டுமாம். எடுத்தால் ஆள் இருப்பார், பேச்சு இருக்காது. எடுக்காவிட்டால்—

ஷங்கர் சோறு போட்டுக்கொண்டு சாப்பிடவில்லை. நானும்தான். கோழி மட்டும் இரண்டு துண்டு குறைந்திருந்தது. யார் எடுத்தது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

2 பிப்ரவரி

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தடவை படத்தைப் போட்டுவிடலாம் என்று போய்ச் சொன்னோம். ஹனிபா அண்ணன் முறைத்தார்.

"செத்தவனுக்கு ஓதுற மாதிரி எனக்கு இப்பவே கத்தம் ஓதுறீங்களா? மே ஒண்ணுன்னா மே ஒண்ணுதான் லா."

நாகமுத்து அண்ணனின் மகள் திவ்யதர்ஷினி யுனிவர்சிட்டியில் படிக்கிறாள். "சரி மாமா, உங்க வாய்ஸையாவது ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கலாமா?" என்றாள். அதற்கு ஒத்துக்கொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். குரலைப் பதிய எதற்குச் சட்டை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருப்பேன், வேறொரு நாளாக இருந்தால்.

"பூலோகப் பெண்ணே..." என்று ஆரம்பித்தார். இருமல் வந்தது. மறுபடியும் "பூலோக..." மறுபடியும் இருமல். போனை அவரே வாங்கி அணைத்தார்.

அடுப்படியிலிருந்து ருக்கையா அண்ணியின் சத்தம்: "கட்டியும் கையுமா இருக்கையில ராஜா வேஷம் கேக்குதோ? பேசாம கெடங்க." கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் இப்படித்தான். அண்ணி ஒன்று சொல்வார், அண்ணன் இரண்டு சொல்வார், பக்கத்து வீட்டுச் சீனர் ஜன்னலைச் சாத்துவார். இன்று அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

18 பிப்ரவரி

ஆபரேஷன் முடிந்தது. ஆள் இருக்கிறார்.

9 மார்ச், ஞாயிறு

தஞ்சோங் கிளிங்கில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். கழுத்தில் ஓட்டை, அதன் மேல் சின்னத் துணி. மூச்செல்லாம் அதன் வழியாகத்தான். கடை இன்னும் பூட்டியே கிடக்கிறது. சொல்ல வேண்டியதைப் போனில் தட்டிக் காட்டுகிறார். என்னிடம் காட்டியது: "குண்டாயிட்டே." நல்ல சுகத்துடன்தான் இருக்கிறார் என்று தைரியம் வந்தது.

அண்ணிதான் சரியில்லை. நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டே சொன்னார்: "நான் ஏசுறேன் ராணி. அவரு சும்மா பாக்குறாரு. எத்தனை நேரம்தான் ஒருத்தியே ஏசுறது? நாக்கு மரத்துப்போச்சு."

அந்த வீடு அமைதியாக இருந்தது. சீனர் ஜன்னல் திறந்தே கிடந்தது.

13 ஏப்ரல், ஞாயிறு

சென்னையில் யாரோ புண்ணியவான் பழைய பிலிமைத் தேடிப்பிடித்துத் துடைத்து இணையத்தில் போட்டிருக்கிறானாம். முழுச் சத்தத்துடன். திவ்யா கண்டுபிடித்தாள். "மாமா பேச முடியாட்டி என்ன, ஒரிஜினல் ராஜா வாய்ஸே இருக்கே" என்றாள். ஹனிபா அண்ணனிடம் சொல்லாமல், நாகமுத்து அண்ணன் வீட்டில் நாங்கள் மட்டும் போட்டுப் பார்த்தோம்.

முதல் அடி: கயிற்றைத் துடைத்துவிட்டார்கள். தட்டு சும்மா பறக்கிறது. அதிலென்ன இருக்கிறது பார்க்க?

இரண்டாவது அடி: ஆடு இல்லை. நாகமுத்து அண்ணன் எழுந்து டிவி பக்கத்தில் போய்த் தேடினார். "ஆடு உனக்கு என்னடா பாவம் பண்ணுச்சு?" என்று டிவியைக் கேட்டார்.

மூன்றாவது அடியை எப்படி எழுத?

ராஜா பேசவேயில்லை.

வியாழலோகத்து ராஜா முகம் முழுக்கப் பித்தளை முகமூடி போட்டிருப்பார். அதில் வாய் கிடையாது. அதனால் அவர் எப்போது பேசுகிறார், பேசுகிறாரா என்றே படத்தைப் பார்த்துத் தெரியாது. அசல் படத்தில் அவர் கம்மென்று உட்கார்ந்திருக்கிறார். ஓரத்தில் நிற்கும் மந்திரி மூக்கால் ஏதோ அறிவிக்கிறார், அவ்வளவுதான். இருபது வருஷமாக நாங்கள் கைதட்டிய வசனம் ஒன்றுகூடப் படத்தில் இல்லை. எல்லாம் ஹனிபா அண்ணன் சொந்தச் சரக்கு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். பூமியைச் சுற்றிப் பார்த்துவிட்டு "இது எத்தனை கஜம்? சாயம் போகுமா?" என்று ஒரு கிரகத்து ராஜா ஏன் கேட்கிறார்? "எங்கள் லோகத்தில் பேரம் கிடையாது, ஒரே விலை" என்று எந்த ராஜா சொல்வான்? ஊரே கேட்டது. வாத்தியார்கள் கேட்டார்கள். ஒரு வக்கீல்கூட வருவார். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. செயலாளர் உட்பட.

காரை ஓட்டிக்கொண்டே ஷங்கர் கேட்டார்: "அப்ப ரோபோவுக்கும் வசனம் இருக்கா?" இருக்கிறது. இரண்டு பக்கம். தாய்மையைப் பற்றி.

16 ஏப்ரல்

மறைக்கலாமா, சொல்லலாமா? எனக்கு எதையும் மறைக்கும் பழக்கம் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். போய்ச் சொன்னேன்.

ஹனிபா அண்ணன் நிதானமாகத் தட்டினார்:

"தெரியும். ராஜா முழுப்படமும் சும்மாவே உக்காந்திருந்தான். பாக்கப் பாவமா இருந்துச்சு. பேச வெச்சேன்."

பிறகு இன்னொன்று: "இந்த வருஷம் அவன் சும்மாவே இருக்கட்டும். பழைய கேசட்டையே போடு. ஆடு வேணும்."

அண்ணி அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்த கைலியையே மறுபடியும் மடித்தார்.

1 மே, வியாழன்

கிழமையும் வியாழன். நான் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை.

பாலாய் ராயா நிரம்பிவிட்டது. எல்லாருக்கும் விஷயம் தெரியும் (நான்தான் சொன்னேன்). ஹனிபா அண்ணன் முன் வரிசையில், கழுத்தில் கடையின் நல்ல பட்டுத் துண்டு. ருக்கையா அண்ணி வழக்கம்போல நெய்ச்சோற்றுச் சட்டியுடன் பின்னால் அடுப்படிக்குப் போய்விட்டார். சினிமா பார்க்க அவர் உள்ளே வந்ததே கிடையாது. "வெட்டிப் பேச்சு" என்பார்.

ஆடு வந்தது, கைதட்டினோம். இடைவேளை முடிந்தது, சத்தம் போனது. விஞ்ஞானி பேசினார். ரோபோ இடம் தவறி "பீப்" சொன்னது. பித்தளை முகமூடி திரை முழுக்க வந்தது.

நான் என் வசனத்தைச் சொன்னேன். "மகாராஜா, என்னை விட்டுவிடுங்கள். நான் என்ன பிழை செய்தேன்?"

ராஜா சும்மா இருந்தார். காற்றாடி சுற்றும் சத்தம். அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அடுத்த வசனம் மறந்துவிட்டது. மறதிதான் என்று இங்கே எழுதிக்கொள்கிறேன்.

"பூலோகப் பெண்ணே."

பின்னாலிருந்து. எல்லாரும் திரும்பினோம். அடுப்படி வாசலில் ருக்கையா அண்ணி, கையில் சோற்றுக் கரண்டி.

"உன்னைக் கேட்டா நான் கிரகம் விட்டுக் கிரகம் வந்தேன்? எங்கள் லோகத்தில் பேரம் கிடையாது. ஒரே விலை."

ஒரு எழுத்து பிசகவில்லை. குளியலறையிலும் கல்லாவிலும் அண்ணன் பேசிப் பார்த்ததையெல்லாம் இந்த மனுஷி ஏசிக்கொண்டே மனப்பாடம் செய்திருக்கிறார். கஜம் வந்தது, சாயம் வந்தது. கூட்டம் விசிலடித்தது. நானும் சமாளித்து அழுதேன் — வசனப்படிதான்.

கடைசியில் ராஜா "இவளைத் தட்டில் ஏற்றுங்கள்" என்று உத்தரவிட வேண்டும். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சரி, அழாத. வீட்டுக்குப் போய் உங்க அப்பாவக் கூட்டிக்கிட்டு வா. உக்காந்து பேசுவோம்."

திரையில் ராஜா என்னைத் தூக்கித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். மண்டபம் சிரித்து உருண்டது. ஹனிபா அண்ணன் எழுந்து, திரும்பி நின்று, நாற்காலி முதுகைப் படபடவென்று தட்டினார். இல்லை, இல்லை என்று இரண்டு கையும் ஆட்டினார். இத்தனை மாதத்தில் அவருக்கு இவ்வளவு கோபம் வந்து நான் பார்க்கவில்லை.

அண்ணி கரண்டியை நீட்டி, "நீங்க உக்காருங்க. ராஜா நானா நீங்களா?" என்றார்.

2 மே

ஹனிபா அண்ணனின் செய்தி, விடிந்ததும்: "ராஜா பொண்ண வீட்டுக்கு அனுப்ப மாட்டான். அவகிட்ட நீ சொல்லு. நான் எழுதிக் காட்டினா கண்ணாடி எடுத்துட்டு வாரேன்னு போயிடுறா."

பதில் போடவில்லை. செயலாளர் நடுநிலை.

5 மே, திங்கள்

டவுனுக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போனேன். கடை திறந்திருந்தது. வாசலில் நின்று சற்று நேரம் கேட்டேன் (பழக்கம்). கல்லாவுக்குப் பின்னால் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. ஒரு குரல்தான் கேட்டது. தோற்றுக்கொண்டிருந்ததும் அந்தக் குரல்தான்.