தீபாவளி ரவிக்கை

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

இன்னும் கோபம் அடங்கவில்லை. காலையில் டிவியில், வடக்கே ஏதோ ஒரு சந்தையில் குண்டு வெடித்த செய்தி. மதியம் தீபாவளி ரவிக்கைத் துணியோடு சலீம் பாய் தையல் கடைக்குக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு வசந்தா அக்கா வாசலில் மறித்தார்.

"இனிமே பாய் கடையில தைக்கக் குடுக்கக் கூடாதுன்னு தெருவுல பேசி வச்சிருக்கோம். குண்டுக்குத் தம்பியப் பறிகுடுத்தவ, நீயே போகலாமா?"

பல வருஷம் முன்பு நானும் தம்பியும் போன ரயிலில் குண்டு வைத்தவர்களுக்குத் தம்பியின் பெயர்கூடத் தெரியாது. அவன் செத்ததோடு அவர்கள் வேலை பாதிதான் முடிந்தது. தெருவை இரண்டாக்கும் மீதி வேலையை நாங்களே செய்துகொள்வோம் என்று விட்டுவிட்டார்கள். நான் செய்ய மாட்டேன்.

ரயிலில் குண்டு வெடித்த அன்றைக்கு என் இடது காதும் கேட்காமல் போனது. நான் சொல்லாமலே அதைப் புரிந்துகொண்டவர் சலீம் பாய். இன்றும் கடையில் மேசையைச் சுற்றி என் வலப்பக்கம் வந்து நின்றுதான் கேட்டார்.

"கை எம்புட்டு வைக்கம்மா?"

"போன தடவ மாதிரியே வைங்க, பாய்."

திரும்பி வந்தபோது அக்கா மறுபடி பிடித்துக்கொண்டார். அவர் பேசி முடிக்கும்வரை இடது காதைக் காட்டிக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷத்தில் அந்தக் காதால் இன்றுதான் ஒரு பிரயோசனம்.