நிப்பிளில் சிக்கிய இலை

ஜூன் 3
புதுக் குஞ்சுகள் இறங்கிவிட்டன. இந்தத் தடவை தண்ணீரில் ஆன்டிபயாடிக் பொடி கிடையாது. நோய் வருவதற்கு முன்பே, வந்துவிடுமோ என்று பயந்து கலந்து கொடுத்தே பழகிவிட்டோம். இப்போது கோழி டாக்டர் கொடுத்த சாறு: பூண்டும் கற்பூரவல்லியும், பாட்டிலில் வடித்தது. அண்ணனுக்கு முகம் கடுகடுவென்றிருக்கிறது. இருக்கட்டும். அண்ணிக்குச் சிறுநீரில் தொற்று வந்து, எந்த மருந்துக்கும் அடங்காமல் ஆஸ்பத்திரியில் துடித்ததைப் பார்த்தவள் நான். "கோழிப் பண்ணையா வச்சிருக்கீங்க?" என்று அங்கே ஒரு டாக்டர் கேட்டார். கோழிக்குக் கொடுத்த மருந்துக்கே பழகிப்போன கிருமி இது என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ஜூன் 9
குஞ்சுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

ஜூன் 17
பாட்டில் தீர்ந்துவிட்டது. அடுத்தது வர நாளாகுமாம். அதுவரை சும்மா இருப்பேனா? இலையையும் பூண்டையும் சமையலறை மிக்சியில் அரைத்து, துணியில் வடிகட்டித் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினேன். இனி அந்த மிக்சியைக் கொட்டகையிலேயே வைத்துக்கொள் என்று அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

ஜூன் 20
கடைசி வரிசையில் ஏழெட்டுக் கோழிகள் செத்துக் கிடந்தன.

ஜூன் 21
இன்று இன்னும் அதிகம். இந்த செட் கோழிகளும் போனால் கொட்டகையை மூடிவிடுவேன் என்று அண்ணன் முன்பே சொல்லியிருக்கிறான். இப்போது செத்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போடுகிறான். திட்டித் தொலைத்தால் தேவலை! செத்த கோழியை அறுத்துப் பார்க்காமல் எந்த மருந்தும் வேண்டாம், நாளை வருகிறேன் என்று போனில் சொல்கிறார் டாக்டர். நாளைக்குள் என்ன மிஞ்சும்?

ஜூன் 22
டாக்டர் வருவதற்குள் அண்ணன் பொடி வாங்கி வந்துவிட்டான்.

"நீயே சொல்லு. கலக்கட்டுமா?"

என் வாயாலேயே சொல்லவைக்கிறான். "கலக்குண்ணே," என்றேன்.

யாருக்காக இவ்வளவு பிடிவாதம் பிடித்தேனோ, அந்த அண்ணி எங்கள் சத்தம் கேட்டுக் கொட்டகைக்குள் வந்தாள். கோழிகள் தண்ணீர்க் குழாயில் தொங்கும் நிப்பிள்களைக் கொத்திக்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவ்வளவு கொத்துதே, ஒண்ணும் முழுங்கலையே?"

ஒரு நிப்பிளை விரலால் அழுத்தினாள். சொட்டு இல்லை. அடுத்ததிலும் இல்லை. கடைசி வரிசை முழுக்க இல்லை. கழற்றினால் — பச்சைப் பசையாக, நான் அரைத்த இலைச் சக்கை.

நோயே இல்லை. தாகம். ஐயோ, தண்ணியில்லாம தவிச்சிருக்குங்க... நான் பக்கத்துலயே நின்னு பார்த்துட்டு இருந்திருக்கேன்.

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். "இந்தக் குழாய் வழியாத்தானே உங்க பொடியும் வரணும்?"

அண்ணன் பொடியைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தான்.

ஜூன் 24
சாவு நின்றது. அறுத்துப் பார்த்ததில் குடலில் கோளாறு எதுவும் இல்லையாம். டாக்டர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். வீட்டில் அரைத்தால் அளவும் தெரியாது, சக்கையும் போகாது என்று அவர் சொல்லாமலா இருந்தார்? நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 14
கோழிகளை லாரியில் ஏற்றி அனுப்பியாயிற்று. எடை கொஞ்சம் குறைவுதான். காலி கொட்டகையில் அண்ணன் நிப்பிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தான். நானும் உட்கார்ந்தேன். தலையைத் தூக்காமலே கேட்டான்:

"டாக்டர்கிட்ட அந்தப் பாட்டிலுக்குச் சொல்லிட்டியா? அடுத்த குஞ்சு வர்றதுக்கு முன்னாடி வந்துடணும். நீ மிக்சி பக்கம் மட்டும் போயிடாதே."