வந்து எடுத்துக்கோ

செப்டம்பர் 12

கடையில் நல்ல கூட்டம். "மொலோன் லவே" பனியன் பெரிய அளவு, நடு அளவு எல்லாம் தீர்ந்துவிட்டது. லியோனிதாஸ் சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவன் எல்லாம் நேராக என் கடைக்குத்தான் வருகிறான். பாரசீக ராஜா "ஆயுதத்தைக் கீழே போடு" என்றானாம், நம் ஆள் லியோனிதாஸ் "மொலோன் லவே", அதாவது "வந்து எடுத்துக்கோ" என்றாராம். அந்த இரண்டு வார்த்தை இல்லாவிட்டால் ஸ்பார்ட்டாவில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது. பனியன், சாவிக்கொத்து, பீர் கோப்பை, பட்டாளத்துச் சின்னம், தேர்தல் சுவரொட்டி — எதில்தான் இல்லை?

ஒரு அமெரிக்காக்காரர் சட்டைக் கையை மடித்துப் பச்சை குத்தியதைக் காட்டினார். அதே இரண்டு வார்த்தை. அவர்கள் ஊரில் துப்பாக்கியை அரசாங்கம் பிடுங்கக் கூடாது என்கிறவர்களுக்கு இதுதான் கோஷமாம். "உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். சிரித்தார். பக்கத்தில் நின்ற அந்தம்மா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் பியெரோஸ் முற்றத்தில் நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். செத்துப்போன பழைய நாயின் பெயரைச் சொல்லி. இந்த நாய் பாவம், அதற்கும் வாலை ஆட்டுகிறது.

செப்டம்பர் 13

டாக்டரம்மா இன்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். "இந்த மறதி குறையாது, கூடத்தான் செய்யும். வீட்டுல துப்பாக்கி இருக்கக் கூடாது. அதுக்குத் தேதி குறிக்காதீங்க, இந்த வாரமே."

வண்டியில் வரும்போது இவரிடம் சொன்னேன். இரண்டு கையையும் விரித்து, அந்தச் சிலை மாதிரியே நெஞ்சை நிமிர்த்தி, "வந்து எடுத்துக்கோ!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் இவரிடம் தொல்லை. எப்போதும் சிரிக்க வைத்துவிடுவார்.

ஆனால் எழுதி வைக்கிறேன், எனக்கே தெளிவாக இருக்கட்டும். எனக்கு என்ன பயம் என்றால் — ஒரு நாள் இவருக்கு என்னை அடையாளம் தெரியாமல் போகும். யாரோ ஒருத்தி சமையலறையில் நிற்பாள். அன்றைக்கு இவர் கையில் அது இருந்தால்?

செப்டம்பர் 17

பன்றி வேட்டை ஆரம்பித்துவிட்டது. ஊரே மலையைப் பார்த்துக் கொண்டு நிற்கிறது.

சரந்தோஸைப் பார்க்கப் போனேன். இவரோடு சின்ன வயதிலிருந்து வேட்டைக்குப் போகிறவர், கூடப் பிறக்காத தம்பி. "நீங்க ஒருத்தர் சொன்னாத்தான் கேப்பாரு. நாசூக்கா வாங்கிட்டுப் போயிருங்க" என்றேன்.

மனுஷன் முகம் கறுத்துப் போச்சு. "அண்ணி, வேற எது வேணா கேளுங்க. பியெரோஸ் கையிலேர்ந்து துப்பாக்கிய வாங்குறதும் நடுச்சந்தியில அவன் துணிய உருவுறதும் ஒண்ணு. நான் செய்ய மாட்டேன்."

"அவரு நாளைக்கு என்னைச் சுட்டா?"

"சே! உங்களையா? அவனா?"

அதோடு எழுந்து ஆட்டுக்குத் தீனி போடப் போய்விட்டார். ஆண்பிள்ளைகளின் மானம்! அதற்குக் காவல் இருக்கிறது எல்லாம் நாங்கள்.

செப்டம்பர் 25

துப்பாக்கி அலமாரிச் சாவி இவர் கழுத்தில், சிலுவையோடு சேர்த்துத் தொங்குகிறது. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. ஆனால் தோட்டாப் பெட்டி மேஜையறையில்தானே இருந்தது. எடுத்து மாவு ஜாடிக்குள் புதைத்துவிட்டேன்.

நாள் பூராவும் தேடினார். கடைசியில் கட்டிலில் உட்கார்ந்து, "என் தலை எங்கேயோ வெச்சிருச்சு தியாமாந்தோ, சொல்ல மாட்டேங்குது" என்றார். மாவுக்குள் கையை விட்டுவிடலாமா என்றிருந்தது. விடவில்லை.

செப்டம்பர் 26

வேட்டைக் கூட்டத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து ஒரு புதுப் பெட்டி கொடுத்துவிட்டுப் போனார்கள். "அண்ணனுக்குத் தோட்டா தீர்ந்துபோச்சாமே!"

நல்லவர்கள்! நாசமாய்ப் போக.

அக்டோபர் 9

மெட்டாக்ஸியா ஏதென்ஸிலிருந்து போன் செய்து கத்தினாள். "அம்மா, அவரைத் தனியா விட்டுட்டு இங்க வந்துரு. இல்லன்னா நான் வந்து போலீஸ்ல எழுதிக் குடுப்பேன்."

"உங்கப்பன்டி அவரு."

"அதனாலதான் சொல்றேன்."

இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் அவளே, சாப்பிட்டியா என்று கேட்டாள்.

அக்டோபர் 28

இன்று விடுமுறை. போரின்போது நாட்டுக்குள் விடு என்று மிரட்டிய இத்தாலிக்காரனுக்கு "மாட்டேன்" என்று சொன்ன நாள். சதுக்கத்தில் ஒரு பேச்சாளர் அந்த "மாட்டேனை"யும் இந்த "வந்து எடுத்துக்கோ"வையும் ஒரே மூச்சில் சேர்த்து முழங்கினார். கைதட்டல். இவரும் தட்டினார், பிள்ளை மாதிரி முகம் மலர்ந்து.

எனக்கு ஒன்று தோன்றியது. அவர்கள் வந்தார்களே? வந்து எடுத்துக்கொண்டார்களே? லியோனிதாஸின் ஈட்டி, கேடயம், கடைசியில் தலை — எல்லாவற்றையும்தானே? அதை யாரும் பனியனில் அச்சடிப்பதில்லை. அவரோடு நின்று செத்த அந்த முந்நூறு பேரின் பெண்டாட்டிகளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? நான் பைத்தியக்காரி, கேள்வி கேட்கிறேன்.

நவம்பர் 8

எழுதித்தான் ஆக வேண்டும்.

சரந்தோஸ் நேற்று வந்து கெஞ்சினார். "ஒரே ஒரு தடவை மலைக்குக் கூட்டிட்டுப் போறேன் அண்ணி. தோட்டா இல்லாமத்தான். பக்கத்துலயே நிப்பாட்டிக்கிறேன். அவன் முகத்தைப் பாருங்க." முகத்தைப் பார்த்தேன். சரி என்றேன். ஏன் சொன்னேன்?

இவர்கள் வேட்டையில் ஒரு சட்டம். நாய்கள் பன்றியைக் கிளப்பிக்கொண்டு வரும்போது, யாரை எந்த இடத்தில் நிறுத்தினார்களோ அவர் அங்கேயே நிற்க வேண்டும். முடிந்தது என்று கொம்பு ஊதும் வரைக்கும் ஒரு அடி நகரக் கூடாது. இவர் ஐம்பது வருஷம் நகராமல் நின்றவர்.

இன்று நகர்ந்துவிட்டார். எதற்காக நிற்கிறோம் என்பதே மறந்துபோயிருக்கும். வெயிலாக இருக்கிறது என்று ஆள் என்று தெரிவதற்காக வேட்டையில் போடுகிற ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்றி ஒரு கிளையில் மாட்டிவிட்டு, புதருக்குள் நடந்திருக்கிறார். புதர் அசைந்தது. சரந்தோஸ் சுட்டார்.

மரத்தில் பட்டது. மரத்தில்தான் பட்டது. இவர் காதோரம் பட்டைத் துண்டு கீறிய ரத்தம், அவ்வளவுதான்.

சரந்தோஸ் என் சமையலறையில் உட்கார்ந்து காபிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் கீழே வைத்தார். "பன்னின்னு நெனச்சேன் அண்ணி. பன்னின்னு..." அதற்குமேல் வரவில்லை. இவர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, "என்னடா ஆச்சு? யாரு செத்தா?" என்று கேட்டார்.

நவம்பர் 10

சரந்தோஸே போய் விராஸிதாஸைக் கூட்டிக்கொண்டு வந்தார். விராஸிதாஸ் போலீஸ்காரன், அவன் கல்யாணத்துக்கு மாலை மாற்றி வைத்தது இவர்தான். சீருடை போடாமல் வந்தான், பாவம், கையில் ஒரு இனிப்புப் பெட்டியோடு.

அவர்கள் வாசலில் வாய் திறப்பதற்குள் இவருக்குப் புரிந்துவிட்டது. இதெல்லாம் மட்டும் எப்படித்தான் புரிகிறதோ. உள்ளே போனார், அலமாரி திறக்கிற சத்தம். திரும்பி வந்து நிலைப்படியில் நின்றார், துப்பாக்கி இடுப்புக்குக் குறுக்கே.

"மாமா, சும்மா பாத்துட்டுத் தர்றேன், லைசென்ஸ் புதுப்பிக்கணும்—"

"வந்து எடுத்துக்கோ."

இந்தத் தடவை நெஞ்சை நிமிர்த்தவில்லை. கையை விரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார். தோட்டா போட்டிருக்கிறாரா இல்லையா என்று மூன்று பேருக்கும் தெரியாது. எனக்கு இவர் முகத்தில் வீரம் எதுவும் தெரியவில்லை. பயம் தெரிந்தது. பெயர்கள் போய்விட்டன, வழி போய்விட்டது, மலை போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான், இதையும் கேட்டு வந்திருக்கிறார்கள்.

விராஸிதாஸ் பின்வாங்கினான். தெருவில் நின்று என்னிடம், "அத்தை, டாக்டர் சீட்டு வாங்குங்க. நான் நாலு பேரோட வந்து முறைப்படி—"

"நாலு பேரோட வந்தா அவரு சுடுவாரு. இல்லன்னா நீங்க சுடுவீங்க. யாரும் வர வேணாம். போடா வீட்டுக்கு."

"அப்போ நீங்க?"

"நான் அவரு பொண்டாட்டி."

சொல்லிவிட்டேன். உள்ளே போனேன். இவர் இனிப்புப் பெட்டியைத் திறந்து தின்றுகொண்டிருந்தார், மடியில் துப்பாக்கி.

நவம்பர் 11

பனியன்களைச் சுருட்டிப் பின்னறையில் போட்டுவிட்டேன். கேட்டவர்களுக்கு "தீர்ந்துபோச்சு".

டிசம்பர் 4

ஆரஞ்சு பறிக்கிறார்கள். ஊரெல்லாம் அந்த வாசனை. இவர் இப்போது துப்பாக்கியை அலமாரியில் வைப்பதே இல்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறார். நான் பாத்திரம் துலக்கும்போது என் முதுகு முழுவதும் கண்ணாக இருக்கிறது. சொந்தப் புருஷனுக்குப் பயந்து! வெட்கமாக இருக்கிறது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதுவிட்டு வருகிறேன்.

டிசம்பர் 23

கிறிஸ்துமஸ் ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். இவர் அக்ரூட் கொட்டை உடைத்துக் கொடுத்தார். நல்ல நாள்.

ஜனவரி 7

மெட்டாக்ஸியா பண்டிகைக்கு வந்துவிட்டுப் போனாள். இவர் அவளை "டீச்சர்" என்று கூப்பிட்டார். அவள் ஆமாம் சொல்லிவிட்டு, பேருந்து நிலையம் வரைக்கும் என் கையை விடவே இல்லை. நடுவில் ஒரு நாள் அவள் துப்பாக்கிப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். இவர் போட்ட சத்தத்தில் நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

ஜனவரி 21

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் பயறு ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் காலடி. திரும்பினால் இவர். கோயிலுக்குப் போகிற கோட்டுப் போட்டு, தலை வாரி, கையில் துப்பாக்கி. என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அந்த நாள் வந்துவிட்டது. பாத்திரத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை, அப்படியே நின்றேன்.

"மன்னிச்சுக்கங்கம்மா, பயந்துட்டீங்களா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் இவர் என்னை "நீங்க" என்று சொன்னதே இல்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட.

"நீங்க இந்த வீட்டுல வேலை செய்றவங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"பாத்தா நல்லவங்களாத் தெரியுது. ஒரு உதவி செய்யணும். என் வீட்டுக்காரி இருக்கா, தியாமாந்தோன்னு. பாத்திருப்பீங்க. அவ கழிவறைக்குப் போயி குழாயத் தொறந்துவிட்டுட்டு அழறா. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா." துப்பாக்கியைப் பார்த்தார். "இதுக்குப் பயந்துதான். அவ வாய் விட்டுக் கேட்டாலும் என்னால குடுக்க முடியாது. என்னமோ, முடியாது. குடுத்துட்டா நான் ஒண்ணுமில்லாதவனா அவ முன்னாடி நிக்கணும் பாருங்க."

கையிலிருந்த பாத்திரத்தை மேடைமேல் வைத்தேன்.

"உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு உங்களைத் தெரியாது. அதனால குடுக்கலாம்." துப்பாக்கியை மடித்துத் திறந்து இரண்டு குழலையும் காட்டினார், கைமாற்றும்போது வேட்டைக்காரர்கள் செய்கிற வழக்கப்படி. இரண்டிலும் தோட்டா இருந்தது. இரண்டையும் உருவி என் ஏப்ரன் பையில் போட்டார். "எங்கயாவது கொண்டுபோயிருங்க. நான் குடுத்தேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிராதீங்க."

"என்னன்னு சொல்லட்டும்?"

யோசித்தார். "களவு போயிருச்சுன்னு சொல்லுங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தது, இவ்வளவு கனமா! "அவங்க உங்களுக்கு அவ்ளோ வேண்டியவங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சரியான வாயாடிம்மா அவ. பொழுது சாஞ்சா கடையச் சாத்திட்டு வருவா. வந்ததும் பாருங்களேன், வீடே எழுந்திருச்சிரும்."

சாவியையும் கழற்றிக் கொடுத்தார். சிலுவையை வைத்துக்கொண்டார்.

ஜனவரி 22

துப்பாக்கியை விராஸிதாஸிடம் சேர்த்தாயிற்று. "மாமா தானாவே குடுத்தாரா?" என்றான். "களவு போயிருச்சு" என்றேன். எழுதிக்கொள்ளாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சரந்தோஸிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். ஆட்டுப்பட்டியில் வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஜெயித்தேனா? நான் கேட்டது கிடைத்துவிட்டது. இனி வீட்டில் பயமில்லை. என்னைத் தெரிந்தவரும் இல்லை.

பிப்ரவரி 15

ஒவ்வொரு நாளும் விடிந்தால் "இன்னிக்கும் வந்துட்டீங்களாம்மா, நல்லது" என்கிறார். வாயில் மரியாதை குறைவதே இல்லை. ஒரு தடவை "அடியே" என்று திட்டினால் தேவலை.

மார்ச் 25

சுதந்திரத் திருநாள். கடை திறக்கவில்லை. தெருவில் பிள்ளைகளின் அணிவகுப்பு, முரசு. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஒவ்வொரு கொடிக்கும் எழுந்து எழுந்து நின்றார். சரந்தோஸ் வந்து கூட நின்றார், அப்புறம் வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்த நாளுக்கு உண்டான உப்பு மீனை ஊறவைத்துப் பொரித்திருந்தேன், பூண்டு மசியலும் அரைத்தேன். இரண்டு தட்டு எடுத்து வைத்ததும் இவர் தட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்களும் உக்காருங்கம்மா. ஆனா தியாமாந்தோவுக்கு?"

"வந்துருவாங்க. நீங்க சாப்பிடுங்க."

"வந்து பசிக்குதுன்னு கத்துவா" என்று சொல்லி, அவரே எழுந்து போய் மூன்றாவது தட்டை எடுத்து வந்தார். தன் தட்டிலிருந்த மீனில் முள்ளில்லாத பெரிய துண்டாகப் பார்த்து அதில் வைத்தார். பூண்டு மசியலை ஓரமாக வைத்தார், எனக்குப் பிடித்த மாதிரி, மீனில் படாமல். ஆறிப்போகக் கூடாது என்று இன்னொரு தட்டால் மூடினார்.

நான் என் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டேன்.