சித்தப்பாவின் காரில் மிஞ்சிய போல்ட்

ஆவணி 9, சனிக்கிழமை

சித்தப்பா நாளை மல்லாவிக்குப் பெண் பார்க்கப் போகிறார். தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய பந்தயக் காரில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். காரோ இன்று காலைவரை நாலு மரக்குற்றியில் நின்றது.

கழற்றித் துடைத்த ஸ்பிரிங் தகடுகளைத் திரும்பப் பூட்டினோம். பாரம் ஏற்றித்தான் இறுக்க வேண்டுமாம். இரண்டு விதைநெல் மூட்டைகளை இருக்கைகளில் வைத்தோம். மாப்பிள்ளையும் பெண்ணும் போலவே இருந்தன.

பூட்டத் தொடங்குமுன்பே, பகிடிக்காக ஒரு கலப்பை போல்ட்டை, அவர் கழற்றிய போல்ட்டுகளைப் போட்டுவைத்த தகரப் பேணிக்குள் போட்டிருந்தேன். வேலை முடிய ஒன்று மிஞ்சியது. மனிதர் பதறி, எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்டினார். மறுபடியும் ஒன்று மிஞ்சியது.

"நான் இதிலை போகேல்லையடா. உன்ரை அப்பரிட்டைச் சொல்லி மாட்டு வண்டிலைக் கட்டச் சொல்லு" என்றார். குரல் உடைந்திருந்தது.

பாவமாகிவிட்டது. "கோவிக்காதேங்கோ சித்தப்பா. அது நான் போட்ட கலப்பை போல்ட்."

அவர் அடிக்கவில்லை. உள்ளங்கையை விரித்தார். "வடிவாப் பார். இதுவோ உன்ரை?"

இல்லை. என்னுடையது தடித்த தலை, துருப்பிடித்தது. இது காருடையது. அப்படியென்றால் என்னுடையது காருக்கடியில் எங்கேயோ இறுகிக்கிடக்கிறது.

"மூண்டாந்தரம் கழட்ட எனக்கு ஏலாது. இப்பிடியே காரிலைதான் போறம். மூட்டையை இறக்கு. நாளைக்கு அந்த இடத்திலை நீதான் இருக்கிறாய்."

மல்லாவி வரைக்கும் எத்தனை பள்ளம் என்று எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன். பாதி வழிகூட வரவில்லை, அதற்குள் நாற்பத்தொன்று.