நாலாவது டயர்

பிப்ரவரி 3, செவ்வாய்

வண்டியைக் கழுவினேன். எப்போதாவது ஓட்டும் வண்டியை வாரா வாரம் கழுவுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் 1967இல் செய்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், துணிக்கூரை, கம்பிச் சக்கரம். அதைத் தூசியோடு விட மனசு வராது.

பின்பக்க டயரைத் துடைக்கும்போது பக்கவாட்டில் வெடிப்பு. கட்டைவிரல் நகம் உள்ளே போகிறது. தரையில் படும் பக்கம் பள்ளமெல்லாம் ஆழமாக, நேற்று வாங்கியது மாதிரி இருக்கிறது. அதைப் பார்த்தே இத்தனை நாள் ஏமாந்திருக்கிறேன். விளிம்போரம் அச்சடித்திருக்கும் நாலு எண்ணை டார்ச் அடித்துப் படித்தேன். 1408. அதாவது 2008ஆம் வருஷம், பதினாலாவது வாரம் செய்தது. பதினெட்டு வயசு டயர். தொழிற்சாலையில் அளவு பார்க்கும் அறையில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவன், சட்டைப்பையில் வெர்னியர் அளவுகோல் இல்லாமல் வாசல் தாண்டாதவன், இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். வெட்கக்கேடு.

அண்ணனுக்குப் போன் போட்டேன். வண்டி எங்கள் இரண்டு பேருக்கும் பொது, நிற்பது என் வீட்டில். எஞ்சினும் ஓட்டுவதும் அவன் பாடு; அளப்பது, தேடுவது, வாங்குவது என் பாடு. முப்பது வருஷமாக இதுதான் ஏற்பாடு. "அப்ப சீக்கிரம் மாத்திடுடா வெர்னியர்," என்றான். அவன் எனக்கு வைத்த பெயர் அது.

பிறகு, ஏதோ மறந்துபோனதைச் சொல்வது போலச் சொன்னான். கண் டாக்டரைப் பார்த்தானாம். வலது கண் போனது போனதுதான். இடது கண்ணிலும் விழித்திரையில் ஆரம்பித்துவிட்டது. "பகல்ல ஓட்டலாம், இப்போதைக்குன்னாரு. எத்தனை நாளைக்குன்னு கேட்டேன். மூணு மாசம், நாலு மாசம், அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்கன்னுட்டாரு." மலைச்சாலையில் பதினோரு வளைவையும் ஒரு தடவை ஓட்டி ஏறிவிட வேண்டும், அது போதும் என்றான். "அப்புறம் சாவிய உங்கிட்ட குடுத்துடறேன்."

ஒரு வாரத்தில் டயர் போட்டுவிடலாம் என்று சொன்னேன். அப்படித்தான் நினைத்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

டயர்க்கடை. நடத்துவது ஒரு அம்மா. கையில் கிரீஸ், பேச்சில் எண்ணெய் கிடையாது.

நம் வண்டிக்கு வேண்டியது நூற்றறுபத்தைந்து மில்லிமீட்டர் அகலம், உயரமான பழங்காலத்து வாகு. இப்போது குதிரைக்கொம்பு. அந்த அம்மா நூற்றெண்பத்தைந்தில் நாலு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். அளந்தேன். உயரம் ஐந்து மில்லிமீட்டர் குறைவு. அகலம் இருபது அதிகம்.

"எங்கயும் உரசாது சார். போன அக்டோபர்ல செஞ்சது. உள்ள போட டியூபும் இருக்கு. நாளைக்குக் காலையில கொண்டாங்க, மத்தியானம் ஓட்டிட்டுப் போங்க."

"குண்டா தெரியும்," என்றேன்.

"என்னது?"

"ஒல்லியான வண்டிம்மா இது. இதைப் போட்டா செருப்பு பெருசாப் போட்ட மாதிரி இருக்கும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரோட்டுல ஓடுற காரா சார், போட்டோவுல நிக்கிற காரா?"

வெர்னியரைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். திமிர் பிடித்த அம்மா.

பிப்ரவரி 6, வெள்ளி

அண்ணன்: "ஏதாவது ஒண்ணைப் போடுடா. வட்டமா இருந்தாப் போதும்." அரை மணி நேரம் அவனுக்குப் பாடம் எடுத்தேன். பாவம், கேட்டுக்கொண்டான்.

பிப்ரவரி 14, சனி

அளவு சரியான டயர், ஒரு தடவைகூட மாட்டாதது, ஒருவரிடம் நாலு இருக்கிறது என்று கேள்விப்பட்டு மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனேன். மனிதர் அவற்றைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். காகிதச் சுற்றுகூடப் பிரிக்கவில்லை. அவர் மனைவி கதவோரம் நின்று, "எடுத்துட்டுப் போயிடுங்க சார், புண்ணியமாப் போகும்," என்றார்.

என்ன அழகு. அதே எழுத்து, அதே ஒல்லி. உட்கார்ந்து தேதி பார்த்தேன். மூன்றே எண்கள். 2000க்கு முந்தினதுதான் மூன்று எண்ணில் வரும். தட்டினால் பலகை மாதிரிச் சத்தம். மாட்டாமலேயே கிழடாகிப்போன டயர். இதில் அண்ணனை மலை ஏற்றினால் முதல் வளைவிலேயே வழுக்கும்.

தெரிந்தும் ஒரு மணி நேரம் அங்கேயே குந்திக்கொண்டிருந்தேன். தடவித் தடவிப் பார்த்தேன். கடைசியில் வெறுங்கையோடு பஸ் ஏறினேன். இதில் ஒரு வாரம் போயிற்று.

பிப்ரவரி 20, வெள்ளி

கிடைத்துவிட்டது. பழைய அச்சை வைத்து இன்னமும் அதே டயரைப் புதிதாக வார்க்கிற ஒரு சின்னக் கம்பெனி, கடல் தாண்டி. ஆர்டர் வந்தால்தான் செய்வார்களாம். ஐந்தாறு வாரம் ஆகும். எழுதிப் போட்டுவிட்டேன்.

அண்ணனிடம் சொன்னேன்.

"ஆறு வாரமா," என்றான். "சரி. நீ பாத்துக்க."

நான் அந்த "சரி"யைச் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணி போன் செய்தார். காலையில் அண்ணன் தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினானாம். துணி எடுத்துத் துடைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று மறுபடி டம்ளருக்குப் பக்கத்திலேயே ஊற்றினானாம். அண்ணி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஏன் தம்பி இப்படி இழுக்கறீங்க? கடையில இருக்குன்னுதானே சொன்னீங்க. அதையே போட்டா என்ன?"

"பாதுகாப்பு இருக்குல்ல அண்ணி. மலைச்சாலை."

பொய். அக்டோபர் மாதத்து டயர் எந்தச் சாலையிலும் பிடிக்கும். எனக்கே தெரியும். பாதுகாப்பு என்ற வார்த்தையைச் சொன்னால் அண்ணி வாயைத் திறக்க மாட்டார் என்றும் தெரியும். சொன்னேன். அவரும் திறக்கவில்லை.

மார்ச் 30, திங்கள்

வந்துவிட்டன. கூடத்திலேயே வைத்துப் பிரித்தேன். வீடெல்லாம் ரப்பர் வாசனை. புது டயருக்கே உரிய மெல்லிய ரப்பர் முடிகள் மேலெல்லாம் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கொஞ்ச தூரம் ஓடினால் உதிர்ந்துவிடும்.

மூன்றில் 0926. இந்த வருஷம், ஒன்பதாவது வாரம். நாலாவதில் 3525. போன வருஷம் ஆகஸ்ட். ஆறு மாதம் மூத்தது. எங்கேயோ மிஞ்சிக் கிடந்ததை ஜோடி சேர்த்து அனுப்பிவிட்டார்கள்.

இதிலும் ஒன்றும் இல்லை, ஆறு மாதம் எல்லாம் ஒரு வயசா. ஆனால் ஒரே செட்டில் மூன்று ஒரு வாரம், ஒன்று வேறு வாரம் என்றால் அளவு அறையில் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

நாலாவதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மாற்றித் தர இரண்டு, மூன்று வாரம்.

அண்ணனிடம் "ஒரு டயர்ல கோளாறு" என்று மட்டும் சொன்னேன். என்ன கோளாறு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? வாரம் பொருந்தவில்லை என்றா? அதை உட்கார்ந்து யார் பார்க்கப் போகிறார்கள், அண்ணனா?

எழுதிய பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று படிக்கிறேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

காலை ஏழு மணிக்கு அண்ணியின் போன். அண்ணன் எழுந்து உட்கார்ந்து, ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருக்கிறான். ஜன்னல் திறந்துதான் இருந்ததாம்.

ஆஸ்பத்திரி. இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. ஊசி போட்டார்கள். டாக்டர் வெளியே வந்து எங்களிடம் சொன்னார்: ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம், நிழல் தெரியும். நடுவில் ஒன்றும் தெரியாது. படிப்பது, ஓட்டுவது எல்லாம் முடிந்தது.

பெஞ்சில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கை எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்தான். "டயர் வந்துச்சாடா?" என்றான்.

என்ன மனுசன்டா நான். ரெண்டு மாசம். ரெண்டு மாசம் முழுசா இருந்துச்சு. அந்தம்மா நாளைக்குக் கொண்டாங்கன்னு சொல்லுச்சு — பிப்ரவரி ஆறாந்தேதி மத்தியானம் அவன் வளைவுல இருந்திருப்பான். இருபது மில்லிமீட்டர். ரெண்டு விரக்கடைகூட இல்ல.

ஏப்ரல் 18, சனி

நாலாவது டயர் வந்தது. 0926. நான்கும் ஒரே வாரம்.

ஏப்ரல் 20, திங்கள்

டயர்க்கடையில் மாட்டினார்கள். அந்த அம்மா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நீங்க சொன்னது சரிதான் சார், இதுதான் அழகு," என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஊர்ந்து வீட்டுக்கு ஓட்டி வந்து நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றை எழுதிவிட வேண்டும். முப்பது வருஷத்தில் மலைச்சாலையில் இந்த வண்டியை நான் ஓட்டியதில்லை. எப்போதும் பக்கத்து இருக்கை. ஒரே ஒரு தடவை, 1998இல், கேட்டேன். "அடுத்த வளைவுக்கு அப்புறம் தரேன்டா," என்றான். பதினோரு வளைவும் முடிந்தது. அவன் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை போல.

அதனால் இழுத்தடித்தேனா? இல்லை. அளவு, அழகு, அந்தப் பைத்தியம்தான். அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை என்று எழுதப் பார்க்கிறேன், கை வரவில்லை.

மே 2, சனி

வண்டியைக் கழுவினேன். எடுக்கவில்லை.

மே 17, ஞாயிறு

அண்ணன் வந்தான், அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு. காபி வேண்டாம், வண்டியிடம் கூட்டிப்போ என்றான். அண்ணி கூடத்திலேயே இருந்துவிட்டார்.

முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மெல்லக் குந்தினான். பக்கவாட்டு எழுத்தை விரலால் தடவினான். பிறகு மேலே, தரையில் படும் இடத்தை. விரல் நின்றது.

"முடி இருக்கே."

"ம்."

"போட்டு ஒரு மாசம் ஆச்சுல்ல. ஓட்டவே இல்லையாடா?"

அப்போதுதான் சொன்னேன். நாலாவது டயரில் கோளாறே இல்லை, வாரம்தான் வேறு. அண்ணியிடம் சொன்ன பாதுகாப்பும் பொய். கடையில் முதல் நாளே நல்ல டயர் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

"கடையில இருந்தது தெரியும். நீதான் அரை மணி நேரம் பாடம் எடுத்தியே."

"அப்ப ஏன் திட்டல?"

"திட்டினா நாலையும் திருப்பி அனுப்பியிருப்ப."

சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன். அவன் டயரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வருத்தம் இல்லன்னு சொல்ல மாட்டேன்டா. இருக்கு. தினம் காலையில எந்திரிச்சதும் அந்த ரோடுதான் ஞாபகம் வருது. ஏழாவது வளைவுல அந்தப் பாலம். அதை ஒரு தடவை பாத்திருக்கலாம்."

 

எழுந்து, சட்டைப்பையிலிருந்து அவனுடைய சாவியை எடுத்து, காற்றில் நீட்டினான். நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நீட்டினான். நான் நகர்ந்து போய் வாங்கிக்கொண்டேன்.

"அடுத்த மாசம் வந்து தடவிப் பாப்பேன். முடி இருக்கக் கூடாது."

மே 19, செவ்வாய்

சந்தை வரை போய் வந்தேன். இரண்டாவது கியரில் கரகரவென்று சத்தம். முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து என்னத்தைப் பார்த்தேன்.

மே 24, ஞாயிறு

மலையில் இரண்டு வளைவு. நடுவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி வந்து, "ஓட்டத் தெரியுமா பெரியவரே?" என்றார். கற்றுக்கொள்கிறேன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனார்.

ஜூன் 6, சனி

ஏழாவது வளைவு வரை. பாலத்தில் நிறுத்தி, அண்ணனுக்குப் போன் செய்து சொல்லலாம் என்று எடுத்தேன். கீழே தண்ணீர் இருந்தது. அதை எப்படிச் சொல்வது. போனைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஜூன் 21, ஞாயிறு

அண்ணன் வந்தான். குந்தி, நாலு டயரையும் ஒவ்வொன்றாகத் தடவினான். வழவழப்பு. "ம்," என்றான். அவ்வளவுதான். சுவரைப் பிடித்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, என் இருக்கையில் உட்கார்ந்தான்.

நான் ஓட்டுகிறவன் இடத்தில் உட்கார்ந்தேன். கூரையை மடித்துவிட்டோம்.

ஊரைத் தாண்டினோம். மலை ஏற ஆரம்பித்ததும் அவன் முகத்தைச் சற்றுத் திருப்பி, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தான். முதல் வளைவு வந்தது. கியர் எப்போது மாற்றுவது என்று எனக்கு அங்கே எப்போதும் தடுமாற்றம். முந்தினால் உறுமும், பிந்தினால் திணறும்.

பக்கத்தில் அண்ணனின் இடது கால் தரையை மிதித்தது. அங்கே பெடல் இல்லை. அவனுக்கே தெரியாமல் மிதித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

நானும் கிளட்சை மிதித்து, கியரை மாற்றினேன். சத்தமே வரவில்லை. பிறகு பதினோரு வளைவிலும் சாலையைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்தக் காலைப் பார்த்துத்தான் ஓட்டினேன். ஒரு வளைவில்கூட அது பிசகவில்லை.