டப்பா யாரைப் பார்க்கிறது?

மார்ச் 4, திங்கள்

இன்று மூன்று டேக் வீண். மூன்றும் என் தலையில் விழுந்தது.

பதினேழாம் காட்சி. குழந்தை வீட்டுப்பாடம் எழுதுகிறாள், பக்கத்தில் டப்பா சும்மா நிற்க வேண்டும். அவ்வளவுதான். டப்பா என்பது ரோபோவுக்கு யூனிட்டில் வைத்த பெயர். வீட்டு வேலைக்கு வந்த இயந்திரத்துக்குத் திடீரென்று தன்னுணர்வு வந்து, அது அந்தக் குடும்பத்தைப் படுத்தும் பாடுதான் படம். டப்பாவின் கையும் சக்கரமும் என் மைத்துனனிடம். கண், இமை, புருவம் என்னிடம். இருவரும் கறுப்புத் துணிக்குப் பின்னால் ரிமோட்டோடு உட்கார்ந்து ஓட்டுகிறோம்.

கேமரா ஓடும்போது டப்பா மெதுவாகக் கண்ணைத் திருப்பி இடப்பக்கம் எதையோ பார்த்தது. நான் திருப்பவில்லை. சத்தியமாக இல்லை.

இயக்குநர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் திட்டுவார். "அண்ணே, இதுக்கு இன்னும் உயிரே வரலை. நாப்பத்திரண்டாவது சீன்லதான் வருது. இப்பவே எதுக்குண்ணே பார்க்குது?"

யாரோ என் ரிமோட்டில் கை வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

மறுபடியும். இந்தத் தடவை மாடிப்படிப் பக்கம்.

தொடர்ச்சி பார்க்கும் பெண் நோட்டும் கையுமாக எழுந்தாள். "கண்ணு படிக்கட்டுப் பக்கம் போயிருச்சு சார்."

சாராம். பெற்ற அப்பனைப் பார்த்து.

அவள் என் மகள் என்பது என்னையும் மைத்துனனையும் தவிர யூனிட்டில் யாருக்கும் தெரியாது. காட்சிகளை முன்பின்னாக எடுப்பதால், எந்தக் கையில் டம்ளர் இருந்தது, எந்தப் பொத்தான் திறந்திருந்தது என்று ஷாட்டுக்கு ஷாட் குறித்து வைப்பது அவள் வேலை. இந்தப் படத்தில் கூடுதலாக, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'உயிருக்கு முன்' அல்லது 'உயிருக்குப் பின்' என்று எழுத வேண்டும்.

வங்கி வேலையை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போகிறேன் என்று வந்து நின்றபோது, "போ. ஆனா என் பேரைச் சொல்லிக்கிட்டு எவன் வாசல்லயும் போய் நிக்காதே" என்றேன். முப்பது வருடம் துணிக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கு என்ன பேர் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். பதினான்கு மாதம் ஆகிறது. பேச்சுவார்த்தை இல்லை.

ஊரில் எத்தனையோ படம் எடுக்கிறார்கள். இந்த யூனிட்டுக்கே எப்படி வந்தாள்? தற்செயல் என்கிறான் மைத்துனன். தற்செயலாவது மண்ணாவது. அவள் அம்மா அனுப்பிய உளவாளி.

மார்ச் 7, வியாழன்

பேட்டரிகளுக்கு நம்பர் போட்டேன். ரிமோட்டைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டேன், கழிவறைக்கும் அதோடுதான் போனேன். "அத்தான், கைக்குழந்தை மாதிரி தூக்கிட்டுத் திரியறீங்களே" என்று மைத்துனன் கிண்டல் செய்தான். அவன் மேலும் ஒரு கண் வைத்திருக்கிறேன். சக்கரம் ஓட்டுகிறவனுக்குக் கண் ஓட்ட ஆசை இருக்காதா?

சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் போன பிறகு டப்பாவுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரிமோட்டை ஓட்டினேன். முக்கால் மணி நேரம் சொன்னதைச் சொன்னபடி கேட்டது. ஆள் இல்லாதபோது மட்டும் ஒழுங்காக இருக்கிறது. இது நல்லதற்கில்லை.

மார்ச் 8, வெள்ளி

நான்கு டேக் வீண். ஒவ்வொன்றுக்கும் மகள் நோட்டில் எதையோ எழுதிக்கொள்கிறாள். அப்படி என்னதான் எழுதுவாள்?

மார்ச் 11, திங்கள்

இயக்குநர் தனியாகக் கூப்பிட்டார். "வேற வழியில்லண்ணே. இனிமே இப்படி ஆச்சுன்னா கண்ணைக் கம்ப்யூட்டர்ல போட்டுக்கறேன். நீங்க வரவேண்டியிருக்காது."

சரி சார் என்றேன். இந்த வயதில் வேறு எந்தத் துணிக்குப் பின்னால் போய் உட்காருவேன்?

வீட்டில் மனைவியிடம் டப்பா தானாகப் பார்ப்பதை மட்டும் சொன்னேன். மகள் அங்கே இருப்பதைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தால் முகம் காட்டிக் கொடுக்கும் என்று உற்றுப் பார்த்தேன். "என்னை எதுக்கு அப்படி முறைக்கறீங்க? நானா அதுக்குள்ள உட்கார்ந்திருக்கேன்?" என்றாள். கெட்டிக்காரி, பிடி கொடுக்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

மகள் இன்று லீவு. காய்ச்சலாம்.

பதினோரு ஷாட். கண் ஒரு தடவைகூடத் தவறவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவள் பையில்தான் ஏதோ இருக்கிறது. என்னை வேலையை விட்டுத் துரத்தத்தான் வந்திருக்கிறாள்.

காய்ச்சலுக்கு மாத்திரை போட்டாளா, தெரியவில்லை. மைத்துனனைக் கேட்டால் தெரியும். கேட்கவில்லை.

மார்ச் 13, புதன்

வந்துவிட்டாள். முகம் வாடியிருக்கிறது.

ஆனால் இன்றும் எல்லா டேக்கும் ஓகே. எப்படி? ஒன்று கவனித்தேன். வழக்கமாக ஓர் ஓரமாக இருப்பவள், இன்று ஷாட்டுக்கு ஷாட் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு இடம் மாறினாள். ஒரு முறை சோபாவுக்குப் பின்னால், ஒரு முறை கேமராவின் காலடியில், ஒரு முறை சமையலறை மேடைக்கு அடியில் கூனிக்குறுகி. நடுவில் மைத்துனனோடு குசுகுசுப்பு வேறு. நான் திரும்பியதும் இருவரும் விளக்கைப் பார்க்கிறார்கள்.

நான் மோப்பம் பிடித்தது தெரிந்து ஆட்டத்தை மாற்றிவிட்டார்கள். நாளை அந்த நோட்டைப் பார்க்காமல் விடுவதில்லை.

மார்ச் 14, வியாழன்

பார்த்தேன். அவள் கைகழுவப் போயிருந்தபோது, திருடனைப் போல.

ஒவ்வொரு பக்கத்திலும் செட்டின் சின்ன வரைபடம். கேமரா எங்கே, குழந்தை எங்கே, டப்பா எங்கே. டப்பாவின் கண்ணிலிருந்து அது பார்த்த திசைக்கு ஓர் அம்பு. அம்பின் நுனியில் ஒரு வட்டம். நாலாம் தேதி, ஐந்தாம் தேதி, ஏழு, எட்டு, எல்லாப் பக்கத்திலும் அம்பு போய் அந்த வட்டத்தில்தான் நிற்கிறது. வட்டத்துக்குள் பொடி எழுத்தில்: 'என் ஸ்டூல்'.

தவறுக்குக் காரணம் எழுதும் இடத்தில் ஆப்பரேட்டர் என்று ஓரிடத்திலும் இல்லை. 'கண்ணாடியில் விளக்கு பட்டது.' 'பேட்டரி.' 'குழந்தை மறைத்தாள்.' என்னைக் காப்பாற்றப் பொய் பொய்யாக எழுதியிருக்கிறாள்.

நேற்றைய பக்கத்தில் டப்பா எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே முதலில் வட்டம் போட்டிருந்தாள். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, அம்பை அப்புறம்தான் வரைந்திருக்கிறாள்.

நோட்டை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

மார்ச் 15, வெள்ளி

துணிக்குப் பின்னால் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். துணி இடுக்கு வழியாக நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். விரல் ரிமோட்டின் குமிழைத் தள்ளிக்கொண்டு கூடவே போயிற்று. எனக்குத் தெரியாமலேயே.

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். சொந்த விரலைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

மார்ச் 18, திங்கள்

நாற்பத்திரண்டாம் காட்சி. டப்பாவுக்கு உயிர் வந்தது. குழந்தை பழச்சாற்றை அதன் தலையில் கொட்ட, அது முதல் முறையாகக் கண்ணைத் திருப்பி அவளைப் பார்க்க வேண்டும். என் மகள் குழந்தைக்குப் பின்னால், மேசைக்கடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசையில் சிந்திய பழச்சாறு அவள் தலையிலும் வழிந்தது. அசையவில்லை.

"யாரையோ தேடிக் கண்டுபிடிச்ச மாதிரி பார்க்குதுண்ணே. எப்படிண்ணே இது?" என்றார் இயக்குநர்.

பழக்கம் சார் என்றேன். நான் நோட்டைப் பார்த்தது அவளுக்குத் தெரியுமா? இவ்வளவு செய்தவளிடம் ஒரு வார்த்தை பேச எனக்கு என்ன தடை?

மார்ச் 20, புதன்

'உயிருக்கு முன்' காட்சிகளில் ஒன்று பாக்கி. டப்பா வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு வெறும் இரும்பாக நிற்க வேண்டும். ஒத்திகையில் இரண்டு தடவையும் கண் அவளிடம் போய்விட்டது. சுவருக்குள் போய் அவள் உட்கார முடியாது. நோட்டை மூடினாள், ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

துணியை விலக்கிக்கொண்டு எழுந்தேன். "நீ எதுக்கும்மா வெளியே போறே? உட்காரு."

செட்டே திரும்பிப் பார்த்தது. இயக்குநர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "தெரிஞ்ச பொண்ணாண்ணே?"

"என் மக சார்."

மைத்துனன் 'அப்பாடா' என்றது எல்லோருக்கும் கேட்டிருக்கும். அவள் நின்ற இடத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நான் துணியை மேலே சுருட்டிவிட்டு, அவள் முகத்தை நேராகப் பார்த்தபடி ரிமோட்டைப் பிடித்தேன். இளைத்திருக்கிறாள். நெற்றியில் ஒரு தழும்பு புதிதாக இருக்கிறது. அதை எப்போது வாங்கினாள் என்று கேட்க வேண்டும்.

ஒரே டேக். நான் நேராகவே பார்த்ததால் விரலுக்குத் தேடிப் போகும் வேலை இல்லை. டப்பா கடைசிவரை சுவரைத்தான் பார்த்தது.

ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. வண்டியில் ஏறியதும் மனைவிக்கு போன் செய்து, ராத்திரி மூன்று பேருக்குச் சமைக்கச் சொன்னேன்.

"மூணாவது யாருங்க?" குரலில் அத்தனை சந்தேகம்.

போனைப் பக்கத்து சீட்டில் இருந்தவளிடம் கொடுத்தேன்.